கிழங்கு வரைக்கும் காணிக்கு, அதற்குக் கீழே கம்பெனிக்கு

சத்தியம், சத்தியம், மூன்றாம் தரமும் சத்தியம். இதில் ஒரு எழுத்துப் பொய்யாயிருந்தால் என் பல்லெல்லாம் கொட்டிப் போகட்டும். ஏற்கெனவே கொட்டிவிட்டதே என்று குறுக்கே பேசாதீர்கள். வேதப்புத்தகத்தின்மேல் கை வைத்துச் சொல்லவும் நான் தயார்தான். எங்கள் சபைப் போதகர்தான் நான் வருவதைப் பார்த்ததும் அதை எடுத்து அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்.

இரண்டு பேருக்கு நடுவில் நின்று பேச்சை மாற்றிச் சொல்லுகிற துபாஷி வேலை இருக்கிறதே, அதில் நல்லது நடந்தால் பேசினவனுக்குப் பேர், கெட்டது நடந்தால் மாற்றிச் சொன்னவனுக்குத் திட்டு. மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவில் நின்றவர்கள், மேலதிகாரிக்கும் கூலிக்காரருக்கும் நடுவில் நின்றவர்கள், அண்ணன் தம்பி வரப்புத் தகராறில் நடுவில் நின்றவர்கள் உங்களில் எத்தனை பேர்! உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்களுக்கு இந்த வலி தெரியாது.

திருவிதாங்கூர் மகாராஜா ஆண்ட காலம். கீரிப்பாறைக்கு மேலே மலைக்குள் மண்ணெண்ணெய் கிடக்கிறது என்று கடலுக்கு அப்பாலிருந்த ஒரு கம்பெனிக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். அந்த மலையில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தவர்கள் காணிக்காரர்கள். அவர்கள் சம்மதித்து ஒப்பந்தம் போட்டால்தான் தோண்டலாம் என்று சர்க்கார் சொல்லிவிட்டது. இப்படியும் ஒரு சர்க்கார் இருந்ததா என்று கேட்கிறீர்களா? நான்தான் சத்தியம் பண்ணியாகிவிட்டதே. என் அப்பா மலையடிவாரத்தில் உபதேசியார். அதனால் எனக்குக் காணிகள் பேச்சும் தெரியும், மிஷன் பள்ளிக்கூடத்து இங்கிலீஷும் தெரியும். இரண்டும் தெரிந்த வேறு ஆள் அகப்படாததால் வேலை எனக்குக் கிடைத்தது.

துரையின் மூக்கு

கம்பெனி அனுப்பியது ஒரே ஒரு துரையை. ஆனால் அவர் மூக்கையும் சேர்த்தால் இரண்டு பேர் என்று சொல்லலாம். முட்டத்துக் கலங்கரை விளக்கத்தைச் சாய்த்து வைத்தாற்போல் இருக்கும் அது. பூமிக்குள் எவ்வளவு ஆழத்தில் எண்ணெய் இருந்தாலும் அந்த மூக்குக்குத் தெரிந்துவிடுமாம். அதற்காகவே கம்பெனி அவரைச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தது. அவருக்குச் சமைத்துப் போட முட்டத்திலிருந்து சூசை வந்திருந்தான். கடற்கரையில் பிறந்தவன். மலையேறும்போதெல்லாம் ஒவ்வொரு புனிதரின் பெயராகச் சொல்லிக்கொண்டு ஏறுவான். உச்சிக்குப் போய்ச் சேருமுன் புனிதர்கள் தீர்ந்துபோய், சொந்தக்காரர்களைக் கூப்பிடத் தொடங்கிவிடுவான்.

காணிகள் குடியிருந்த சரிவில் துரை ஒரு பாறையருகே சட்டென்று முழந்தாளிட்டார். மோந்தார். மறுபடியும் மோந்தார். கண்ணில் நீர் வந்துவிட்டது. "மண்ணெண்ணெய்! சுத்தமான மண்ணெண்ணெய்!" என்று என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, அந்த இடத்தில் ஒரு சிவப்புக் கொடியை நட்டார். கடலுக்கு அப்பால் தந்தி பறந்தது. நான் சமையல் பக்கம் போனேன். சூசை முகம் வெளுத்து நின்றான். என் காதருகே வந்து சொன்னான்:

"ஓய் துபாஷி, நான் காலம்பற ராந்தலுக்கு எண்ணெய் ஊத்துனது அந்தப் பாறையில வச்சாக்கும். பாதி கீழ போச்சு. துரை இவ்வளவு சந்தோசமா இருக்கச்சில நாம எதுக்கு ஓய் வாயைத் தெறக்கணும்?"

யாரைக் கேட்பது?

காணிகளின் தலைவருக்கு மூட்டுக்காணி என்று பேர். அப்போது மூட்டுக்காணியாக இருந்தவர் மல்லன் காணி. ஒல்லி ஆள், பேச்சும் ஒல்லி. ஒரு கேள்விக்கு அவர் பதில் சொல்லும்முன் நீங்கள் இரண்டு தடவை வெற்றிலை போட்டுத் துப்பிவிடலாம். துரை அவருக்குக் கம்பளியும் குடையும் யாழ்ப்பாணப் புகையிலையும் கொடுத்து, "இந்த மலையில் தோண்ட எனக்கு அனுமதி தாரும்" என்று கேட்டார். நான் மாற்றிச் சொன்னேன். மல்லன் காணி குடையை விரித்துப் பார்த்தார், மடக்கினார், பிறகு சொன்னார்: அனுமதி தருவதற்கு அவர் ஒருத்தர் போதாது. குடியில் எல்லாரையும் கேட்கவேண்டும். ஒரு ஆள் தலையாட்டாவிட்டாலும் ஒப்பந்தம் கிடையாது.

மறுநாள் எல்லாரும் மரத்தடியில் கூடினார்கள். கிழவர்கள், பெண்கள், மூங்கில் முறிக்கப் போனவர்கள், கைக்குழந்தைக்காரிகள், எல்லாரும். மல்லன் காணி எடுத்த எடுப்பில் துரையைப் பார்த்து, "நீ நேத்து எங்க கிழங்கைத் தின்னியா?" என்றார். துரை தின்றதாக ஒப்புக்கொண்டார். "எங்க கிழங்கைத் தின்னவன் எங்க கூட்டத்துல பேசலாம். சொல்லு, நீ தோண்டுததுக்கு உனக்குச் சம்மதமா?" துரை எழுந்து தொப்பியைக் கழற்றி, மனப்பூர்வமாகச் சம்மதம் என்றார். மல்லன் காணி திருப்தியோடு தலையாட்டிவிட்டு என்னிடம் சொன்னார்:

"ஒரு ஆளு சம்மதிச்சாச்சு மக்கா. இனி எங்க ஆளுவ மட்டுந்தான் பாக்கி."

மேலே உள்ளது, கீழே உள்ளது

ஒப்பந்தம் எழுதத் திருவனந்தபுரத்திலிருந்து ஒரு வக்கீல் வந்தார். கறுப்புக் கோட்டு. அந்தக் கோட்டோடு மழைக்காட்டுக்குள் அவரை நாற்காலியில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அட்டைகளுக்கு அன்று திருவிழா. அவர் ரத்தத்தைக் குடித்த ஒரு அட்டை பக்கத்து அட்டையோடு இட உரிமை குறித்து அரைமணி நேரம் வாதாடியதை நானே என் கண்ணால் பார்த்தேன். வக்கீல் காலில் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டே கம்பீரமாக வாசித்தார்: தரைக்கு மேலே உள்ள மரம், செடி, தேன், குடில் அனைத்தும் என்றென்றைக்கும் காணிக்காரருக்கு. தரைக்குக் கீழே உள்ள சகலமும் கம்பெனிக்கு. உலகம் முழுக்க இப்படித்தான் எழுதுகிறார்கள் என்றார்.

நான் காணிப் பேச்சில் சொன்னேன். பின்வரிசையிலிருந்து மல்லன் காணியின் மனைவி நீலி எழுந்தாள். நேராகத் தோட்டத்திலிருந்து வந்தவள், முழங்கை வரைக்கும் மண். அவள் கோபத்துக்குக் காரணம் உண்டு. முன்பு கீழ்ச்சரிவில் ஒரு காப்பித் தோட்டக்காரர், நட்டுக்கொள்ள மட்டும் இடம் கேட்டு வந்தார். நட்டார். பிறகு வேலி போட்டார். வேலிக்குள் அகப்பட்ட கிழங்குத் தோட்டங்கள் போனது போனதுதான். மிச்சமிருந்த கறுப்பு மண் இந்த ஒரு சரிவுதான். இதுவும் போனால் குடி முழுக்க மலையிறங்கிக் காப்பிக்காரரின் தோட்டத்தில் கூலிக்கு நிற்கவேண்டியது. நீலி வக்கீலைப் பார்த்துக் கேட்டதை நான் ஒரு வார்த்தை குறைக்காமல் அவருக்குச் சொன்னேன், உங்களுக்கும் சொல்லுகிறேன்:

"மரச்சீனி, காச்சில், சேம்பு, செறுகிழங்கு, எங்களுக்க சோறு முழுக்க தரைக்கிக் கீழயாக்கும் கெடக்கு. மேல நிக்கது எலை. எங்களுக்கு எலையைத் தந்துட்டு சோத்தை நீங்க எடுக்கேளோ? உமக்க வீட்டுல எலையைத் தின்னுட்டு சோத்தையா வெளிய எறியுதீரு?"

எவ்வளவு ஆழம்?

வக்கீல் இறங்கி வந்தார். சரி, ஒரு முழம் ஆழம் வரை காணிக்கு. நீலி தலையாட்டவில்லை. இரண்டு முழம்? அதற்கும் இல்லை. கடைசியில் மல்லன் காணி வாயைத் திறந்தார். கிழங்கு எவ்வளவு தூரம் கீழே இறங்குமோ அவ்வளவும் காணிக்கு, அதற்குக் கீழே கம்பெனிக்கு. வக்கீலுக்கு ஒரே சந்தோஷம். அவர் பார்த்த கிழங்கெல்லாம் கோட்டாறு சந்தையில் கூடையில் கிடந்த கிழங்கு. "கிழங்குதானே! எழுது, எழுது" என்று குமாஸ்தாவை விரட்டினார். நீலியும் தலையாட்டினாள். எல்லாரும் பெருவிரலில் மை வைத்து உருட்டினார்கள். துரைக்கு மட்டும் ஒரு ஆசை, அந்த ஆழம் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளவேண்டும்.

நீலி எங்களை ஒரு காட்டு வள்ளிக் கொடியிடம் கூட்டிக்கொண்டு போனாள். பாறை இடுக்கில் நேரே கீழே இறங்குகிற ஜாதி அது. கூர்க்கம்பை எடுத்துத் தோண்டினாள். முழங்கால் வரைக்கும் இறங்கினாள், இடுப்பு வரைக்கும் இறங்கினாள், பிறகு கொண்டை மட்டும் தெரிந்தது, பிறகு அதுவும் தெரியவில்லை. மண்மட்டும் கூடையில் ஏறி ஏறி வந்தது. மேலேயிருந்து நான் கூப்பிட்டால் பதில் வருவதற்குள் சூசை ஒரு பீடியைக் குடித்து முடித்துவிடுவான். வக்கீல் குழிக்கரையில் நின்று எட்டிப் பார்த்தார். அவர் நெற்றியில் வியர்வை. "முடிந்ததா என்று கேளப்பா" என்றார். கேட்டேன். அடியிலிருந்து நீலியின் குரல் வந்தது:

"இது பிஞ்சாக்கும்! வெளைஞ்சது ஒண்ணு மேல நிக்கு, அதைத் தோண்டிக் காட்டட்டா?"

கிழங்கினால் தாமதம்

ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். மேல் மண் காணிகளுடையது, கீழ் மண் கம்பெனியுடையது. கம்பெனி தன் மண்ணுக்குப் போகவேண்டுமென்றால் அடுத்தவர் வீட்டு முற்றம் வழியாகப் போவது மாதிரி. ஒவ்வொரு துளைக்கும் அந்த இடத்துக்காரியிடம் உத்தரவு கேட்கவேண்டும். சிவப்புக் கொடி நின்ற இடம் நீலியுடையது. துரை தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, "அம்மா, உள்ளே போகலாமா?" என்று தமிழில் கேட்கப் பழகிக்கொண்டார். நீலி எதற்கு, எவ்வளவு நேரம், எப்போது திரும்புவாய் என்றெல்லாம் விசாரித்துவிட்டு, "இப்பம் கிழங்கு மொளைக்கிற நேரம். மழை கழியட்டு" என்பாள். மழை கழிந்தால் கொடி படர்கிற நேரம். படர்ந்து முடிந்தால் கிழங்கு முற்றுகிற நேரம். யானை வைத்து இழுத்துக்கொண்டு வந்த துளையிடும் யந்திரம் சாக்குப் போர்த்திக்கொண்டு மழையில் நின்றது. அதன்மேலே ஒரு பாகற்கொடி ஏறிக் காய்த்தும் விட்டது.

துரைக்கு வருத்தமில்லை என்பதுதான் வேடிக்கை. காந்தாரி மிளகாய் அரைத்துத் தொட்டுக்கொண்டு கிழங்கு தின்று அவர் கன்னம் உப்பிவிட்டது. ஆனால் கம்பெனிக்காரர்கள் ஏன் தாமதம் என்று தந்திமேல் தந்தி அடித்தார்கள். கிழங்குக்கு இங்கிலீஷ் வார்த்தை போடாமல் காணிகள் சொல்லுகிற வார்த்தையையே போட்டு, 'கிழங்கினால் தாமதம்' என்று துரை பதில் கொடுத்தார். அங்கே யாரோ படித்தவர்கள் கூடி யோசித்திருக்கிறார்கள். வந்த பதில் இது: கிழங்கு என்பவரை உடனே நேரில் கண்டு தக்க பரிசு கொடுத்து இணங்கச் செய்யவும். நான் வாசித்துக் காட்டியதும் சூசை அகப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்:

"பரிசு வந்தா எங்கிட்ட வாங்கித் தாரும் ஓய். தெனமும் அவரை வேக வைக்கது நானாக்கும்."

துளை போன தூரம்

கடைசியில் ஒரு நாள் நீலி, "செரி, போயிட்டு வா" என்றாள். யந்திரம் உறுமத் தொடங்கியது. மலையணில்கள் மரத்துக்கு மரம் தாவி அடுத்த ஜில்லாவுக்கே போய்விட்டன. காணிகள் வேலையை விட்டுவிட்டு வந்து சுற்றி நின்றார்கள். எண்ணெய் வந்துவிட்டால் என்ன வரும் என்று அவர்களுக்குத் தெரியும்: பாதை, வண்டி, கூலி ஆட்கள், பிறகு வேலி. துரை அதை மறைக்கவில்லை. நான் அப்படியே மாற்றிச் சொன்னேன். அன்று அந்த வேலை எனக்குப் பிடிக்கவில்லை.

குழாயைத் தூக்கினார்கள். உள்ளே மண், அதோடு ஒரு துண்டுக் கிழங்கு. மறுபடியும் நாற்காலியில் வந்திருந்த வக்கீல் ஒப்பந்தத்தைப் பார்த்துச் சொன்னார்: கிழங்கு உள்ள ஆழம் காணிகளுடையது, இங்கே எண்ணெய் வந்தாலும் அது அவர்களுக்கே, இன்னும் கீழே போங்கள். போனார்கள். மறுநாள் தூக்கினார்கள், கல், அதோடு கிழங்கு. அதற்கும் கீழே போனார்கள். கருங்கல் வந்தது, கருங்கல்லோடு கிழங்கும் வந்தது. துரை உட்கார்ந்துவிட்டார். இத்தனை நாடு தோண்டியிருக்கிறார், எந்த நாட்டிலும் கிழங்கு அவரை இப்படித் துரத்தினதில்லை. விடியற்காலையில் நீலி மடியில் எதையோ கட்டிக்கொண்டு யந்திரத்துப் பக்கம் போனதைப் பார்த்ததாகச் சிலர் சொல்லிக்கொண்டார்கள். நான் பார்க்கவில்லை. பார்த்ததை மட்டும்தான் எழுதுவேன் என்று ஆரம்பத்திலேயே சத்தியம் பண்ணியிருக்கிறேன்.

கொண்டுவந்த குழாயெல்லாம் தீர்ந்து, கடைசிக் குழாயை இறக்கித் தூக்கிய நாள். அதற்குக் கீழே போக வழியில்லை. எல்லாரும் எட்டிப் பார்த்தோம். எண்ணெய் இல்லை. கிழங்கு இருந்தது, ஆவி பறந்துகொண்டிருந்தது! பூமியின் வயிற்றுக்குள் போகப் போகச் சூடு அதிகம் என்று துரை என்னிடம் ஏற்கெனவே சொல்லியிருக்கிறார். ஆகவே நான் ஆச்சரியப்படவில்லை. சூசை ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டு, கண்ணை மூடி மென்று, தீர்ப்புச் சொன்னான்:

"நல்லா வெந்திருக்கு ஓய். உப்பு மட்டும் கொறவு."

ஒப்பந்தம் பார்த்துவிட்டு

வேலையை நிறுத்து என்று தந்தி வந்தது. ஒப்பந்தத்தில் எங்கே ஓட்டை என்று கண்டுபிடிக்க வக்கீல் மூன்று கண்ணாடி மாற்றிப் போட்டுப் படித்தார். நீங்களும் அலுவலகங்களில் பார்த்திருப்பீர்கள்: தோற்றுப்போன காரியத்தின் காகிதத்தை, அதை எழுதினவனைவிடக் கவனமாக யாரும் வாசிப்பதில்லை. கடைசியில் மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு, நாற்காலியில் ஏறுமுன் என்னிடம் சொன்னார்:

"நான் எழுதினதில் ஒரு பிழையும் இல்லையப்பா. மலையைத்தான் தப்பாக உண்டாக்கியிருக்கிறார்கள்."

மேல் சரிவு

யந்திரத்தை யானை இழுத்துக்கொண்டு இறங்கியது. துரை போகும்போது ஒரு சாக்குக் கிழங்கை எடுத்துக்கொண்டு போனார். கப்பலில் அது முளைவிட்டு, மேல்தட்டு வரைக்கும் கொடி ஏறியதாகக் கேள்வி. கம்பெனி வேறு தேசத்துக்குப் போய்விட்டது. அங்கே எண்ணெய் கிடைத்ததா என்று நான் விசாரிக்கவில்லை. காணிகள் மலையிறங்கவேண்டிய நிலை வரவில்லை. காப்பித் தோட்டக்காரர் பிறகு ஒரு தடவை வேலியைத் தூக்கிக்கொண்டு மேலே வரப் பார்த்தார். கடலுக்கு அப்பாலிருந்து வந்த கம்பெனியே கேட்டுவிட்டுத்தான் கால் வைத்தது, நீயும் வந்து மரத்தடியில் உட்காரு, எல்லாரையும் கேட்போம் என்றார் மல்லன் காணி. அந்தத் தோட்டக்காரருக்கு அத்தனை பொறுமை கிடையாது. வேலியைச் சுருட்டிக்கொண்டு இறங்கினார்.

அறுவடைக் காலத்தில் நான் மேலே போனேன். வேலை போய்விட்டது, ஆனால் கிழங்கு மேல் ருசி போகவில்லை. துளை போட்ட இடத்தில் நீலி கிழங்கு நட்டிருந்தாள். யந்திரம் குத்திக் கலக்கிய மண்ணல்லவா! பஞ்சு மாதிரிப் பொதுபொதுவென்று கிடந்தது. நாலு பேர் சேர்ந்து ஒரு கிழங்கைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், நடுவே கம்பு கட்டி, பன்றியைச் சுமக்கிற மாதிரி. சத்தியம். நீலி அதன்மேல் உட்கார்ந்து வெற்றிலை போட்டாள். மல்லன் காணி என் பக்கத்தில் வந்து நின்றார். நான் இரண்டு தடவை வெற்றிலை போட்டுத் துப்பி முடித்தேன். பிறகு காட்டுக்கு மேலே கையைக் காட்டினார்:

"துரையைக் கண்டா சொல்லு மக்கா, மேல் சரிவு இன்னும் ஒருத்தரும் குத்தாமக் கெடக்கு. எண்ணெய் ஏதும் அங்கின இருந்தாலும் இருக்கும்."

எண்ணெய்க்காக வந்த கம்பெனி உழுதுவிட்டு, உழவுக்குக் கூலியும் கேட்காமல் போய்விட்டது; நான் நடுவில் நின்ற காரியங்களில் இரண்டு பக்கமும் என்னைத் திட்டாமல் முடிந்த ஒரே காரியம் இதுதான்; ஆனால் இதை யார் சொன்னதென்று மட்டும் யாரிடமும் மூச்சு விட்டுவிடாதீர்கள், அந்த மலையிலிருந்து எனக்கு இன்னும் வருஷம் தவறாமல் கிழங்கு வந்துகொண்டிருக்கிறது.